வெண்களர் நாடு: நான் உருவாக்கிய உலகத்தின் முதல் பக்கம். படித்துவிட்டுக் கருத்து சொல்லுங்கள்

வெண்மணல்

அனைவருக்கும் வணக்கம். நாவலாக எழுதும் எண்ணத்தில் ஒரு கற்பனை உலகத்தைக் கொஞ்ச காலமாகக் கட்டி வருகிறேன். கதை பாதிக்கு மேல் மனதில் இருக்கிறது. முதல் பக்கம்தான் வசப்படவில்லை. இவ்வளவு பெரிய உலகத்தை வாசகருக்கு எங்கிருந்து காட்டத் தொடங்குவது?

சுருக்கம் இதுதான். வெண்களர் ஒரு கடலோர நாடு, உப்பு விளைவிப்பதுதான் தொழில். அங்கே சத்தியம் செய்பவர் உப்புக்கட்டியைக் கையில் பிடித்துச் செய்வார். கட்டி கரையாமல் இருக்கும்வரை சத்தியம் அவரைக் கட்டும். மீற நினைத்தால் நாக்கு எழாது, கை ஓடாது. கட்டி கரைந்தால் சத்தியமும் போயிற்று. வானத்தில் இரண்டு நிலவுகள். ஆளும் குலங்கள் ஏழு. நடுவில் ஓர் ஏரி. அதிலிருந்து ஆறு இரண்டாகப் பிரிந்து கிழக்குக் கடலிலும் மேற்குக் கடலிலும் சேர்கிறது. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று பாட்டி அடிக்கடி சொல்வார், அதிலிருந்து முளைத்த யோசனை இது.

இப்போதைய தொடக்கம்:

"உலகம் தோன்றிய காலத்தில் கடலரசன் வருணேயன் தன் கண்ணீரை நிலத்தின்மேல் சிந்தினான். அதுவே வெண்களர் ஆயிற்று. அதை முதலில் ஆண்டவர்கள் ஆலியர். அவர்களுக்குப் பின் முந்நூறு ஆண்டுகள் கோதையர் ஆண்டனர். கோதையரை வென்ற ஏழு குலங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட மகா உடன்படிக்கையின்படி..."

இப்படி நான்கு பக்கம். அதற்குப் பிறகுதான் கொற்றி என்ற பெண் வருகிறாள். வரைபடத்தையும் அருஞ்சொல் பட்டியலையும் எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கலாம் என்றிருக்கிறேன். எப்படி இருக்கிறது?

சாரல்

உப்புச் சத்தியம் அருமையான யோசனை. பதிவின் சுருக்கத்தில் நீங்கள் சொன்ன நாலு வரியே என்னைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அந்த நாலு வரியில் இருந்த விறுவிறுப்பு கதையின் தொடக்கத்தில் இல்லை. கோதையர் வந்த இடத்தில் என் கண் தானாகக் கீழே இறங்கிவிட்டது. ஆலியர் யார், கோதையர் யார் என்று நினைவில் வைத்துக்கொள்ள எனக்கு இன்னும் ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பெயர்களைப் பற்றி ஒன்று. கொற்றி, ஆலியர், கோதையர் எல்லாம் ஒரே மண்ணில் பிறந்த பெயர்களாக ஒலிக்கின்றன. வருணேயன் மட்டும் ஒட்டவில்லை.

இரவு வாசகி

வெண்மணல், முதலில் உங்கள் கேள்வியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'எப்படி இருக்கிறது' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது', 'நன்றாக இல்லை' என்ற இரண்டு பதில்தான் வரும். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சாரல் எந்த இடத்தில் கண் இறங்கியது என்று சொன்னாரே, அந்த மாதிரிப் பதில்தான் உதவும். அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

நான் என் கதைகளைத் தோழிகளிடம் கொடுக்கும்போது மூன்று விஷயம் கேட்பேன். எந்த வரியில் நிறுத்தினீர்கள்? எந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது? நிறுத்திய இடத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள்? மூன்றாவதுதான் முக்கியம். வாசகர் ஊகிப்பது தவறாக இருந்தால் கவலையில்லை. ஊகமே இல்லை என்றால்தான் பக்கம் வேலை செய்யவில்லை என்று பொருள்.

உங்கள் நான்கு பக்கத்தைப் படித்தால் எனக்கு எந்த ஊகமும் வராது. எல்லாம் நடந்து முடிந்த விஷயம். ஆனால் உங்கள் சுருக்கத்தைப் படித்ததும் ஒரு கேள்வி வந்தது: அந்தக் கட்டி யாரிடம் இருக்கும்? சத்தியம் செய்தவரிடமா, செய்து வாங்கியவரிடமா? செய்தவரிடமே இருந்தால் ஒரு குடம் தண்ணீர் போதும், சத்தியம் முடிந்தது. வாங்கியவரிடம் இருந்தால் அதை மழைக்காலம் முழுக்கக் காப்பாற்றுவது அவர் பாடு. இதைச் சொல்லாமல் வருணேயனைச் சொல்லியிருக்கிறீர்கள்.

ஏட்டுச்சுவடி

இரவு வாசகி கேட்டதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கியவர்தான் காப்பாற்ற வேண்டும் என்றால், அந்த நாட்டில் ஈரம் புகாத அறை யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அரசன். ஏழு குலம் எதற்கு? உலர்ந்த அறை வைத்திருப்பவர், வாடகைக்கு எடுப்பவர், இரண்டுக்கும் வழியில்லாமல் அடுப்புக்கு மேல் பரணில் கட்டி வைப்பவர் என்று மூன்று தரப்பு போதும், நாடு நின்றுவிடும்.

உலகத்தைக் காட்டும் முறைக்கு நம்மிடமே நல்ல முன்மாதிரி இருக்கிறது. உங்கள் கதை உப்பைப் பற்றியது என்பதால் புறநானூற்று 102ஆம் பாட்டைச் சொல்கிறேன். ஔவையார் பாடியது. உப்பு வணிகர்களான உமணர் வண்டியில் போகிறார்கள். மாடுகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. பாரம் அதிகம். வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ யாருக்குத் தெரியும்? அதனால் வண்டிக்குக் கீழே இன்னோர் அச்சைக் கட்டி வைத்திருக்கிறார்கள், சேம அச்சு. ஒரு தலைவனைப் புகழ வந்த உவமைதான் அது. ஆனால் அந்த ஓர் அச்சுக்குள் சாலையின் தரம், பயணத்தின் தூரம், வழியில் உதவி கிடைக்காது என்பது, இதற்கு முன் அச்சு முறிந்து தவித்த அனுபவம் எல்லாம் இருக்கிறது. சாலையைப் பற்றித் தனியாக ஒரு வரி கூட இல்லை.

பட்டினப்பாலையிலும் இதுதான். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் மூட்டைகள் மேல் புலிச் சின்னம் பொறிக்கிறார்கள். சோழனின் ஆட்சி எவ்வளவு இறுக்கமானது என்பது அந்த முத்திரையில் தெரிந்துவிடுகிறது.

உங்கள் வெண்களர் நாட்டின் சேம அச்சு எது? அதைக் கண்டுபிடித்து முதல் பக்கத்தில் வையுங்கள்.

மரப்பாச்சி

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். எனக்கு அந்தப் பழங்கதைத் தொடக்கம் பிடித்தது. கடல் அழுதது நிலமானது என்பது சின்ன வயதில் கோயில் திண்ணையில் தலபுராணம் கேட்ட சுகத்தைத் தந்தது. குலவரிசை கேட்பதிலும் ஒரு ருசி உண்டு, அது தெரிந்த வாசகர்கள் இருக்கிறார்கள். எல்லாக் கதையும் யாரோ ஓடுவதில்தான் தொடங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அக்கா, அதைத் தூக்கி எறியாதீர்கள்.

இரவு வாசகி

மரப்பாச்சி, தலபுராணம் நமக்குச் சுவைப்பது அந்தக் கோயில் திண்ணையில் உட்கார்ந்து கேட்பதால்தானே? ஊரை முதலிலேயே பார்த்துவிட்டோம், அப்புறம் அதன் கதையைக் கேட்கிறோம். வெண்களரை வாசகர் இன்னும் பார்க்கவே இல்லை. கதையில் ஒரு சத்தியச் சடங்கு வரும்போது ஒரு கிழவர் அந்தக் கடற்கண்ணீர்க் கதையைச் சொல்லட்டும். அங்கே அது கனக்கும்.

சாரல்

அருஞ்சொல் பட்டியல் பற்றி: பின்னால் போடுங்கள். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற தன் பெரிய நாவலின் வரலாறு, காலவரிசை, எழுத்துமுறை எல்லாவற்றையும் 1955இல் வந்த மூன்றாம் தொகுதியின் கடைசியில்தான் வைத்தார். அதற்கு முன் 1937இல் அவர் தன் உலகத்தின் பழங்கதைகளைப் பதிப்பாளரிடம் கொடுத்தபோது அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை, அவருடைய முந்தைய கதையில் வந்த ஹாபிட்டுகள் என்ற குட்டை மனிதர்களைப் பற்றி இன்னொரு கதை கேட்டார்கள். அந்தப் பழங்கதைகள் அவர் இறந்த பிறகு 1977இல்தான் நூலாயின. கதையைப் படித்து அந்த உலகத்தில் வாழ்ந்துவிட்டவர்கள் பிறகு பட்டியலையும் தேடிப் படிக்கிறார்கள். வரிசை அப்படித்தான் இருக்க வேண்டும்.

புவியியல் வாத்தியார்

நான் வரைபடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஓர் ஏரியிலிருந்து இரண்டு ஆறு இரண்டு திசையில் புறப்படுவது இயற்கையில் நீண்ட காலம் நிலைக்காது. இரண்டு வாய்களில் எது கொஞ்சம் தாழ்வோ அதில் தண்ணீர் அதிகம் ஓடும், ஓட ஓட அது இன்னும் ஆழமாக அரிபடும், கடைசியில் எல்லாத் தண்ணீரும் அந்த வழியாகவே போய்விடும். வரைபடம் பார்க்கப் பழகியவர்கள் இதை முதல் பார்வையிலேயே கவனிப்பார்கள்.

ஆனால் அந்த ஆறு உங்களுக்கு வேண்டும் என்றால் மனிதர் வெட்டியதாக வையுங்கள். முல்லைப்பெரியாற்றைப் பாருங்கள். மேற்கே ஓடிய தண்ணீரை 1895இல் அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே வைகைப் பக்கம் திருப்பினார்கள். ஒரே ஆற்றின் தண்ணீர் இரண்டு கடல்களை நோக்கிப் போகிறது. இப்படி வைத்தால் உடனே ஒரு மதகு வந்துவிடுகிறது. மதகு வந்தால் அதைத் திறக்கும் உரிமை யாருக்கு என்ற சண்டையும் வந்துவிடும்.

மழை. கிழக்கிலும் மேற்கிலும் கடல், நடுவில் மலை என்றால் மழைக்காற்று வரும் பக்கம் நனையும், மறுபக்கம் காயும். தென்மேற்குப் பருவத்தில் கேரளம் நனைய நம் பக்கம் காய்வது அதனால்தான். உங்கள் நாட்டில் இதன் விளைவு பெரியது. காயும் பக்கத்தில் சத்தியம் தலைமுறை தாண்டி நிற்கும். நனையும் பக்கத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது. கிழக்கத்தியர் வாக்கை நம்பிக் கடன் கொடுப்பார்கள், மேற்கத்தியர் கைமேல் காசு கேட்பார்கள். இரண்டு பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இரண்டு நிலவு அழகுக்கு மட்டுமா? நம் ஒற்றை நிலவே சூரியனோடு ஒரே கோட்டில் வரும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடலேற்றத்தைக் கூட்டுகிறது. ஒரு நிலவு 20 நாளிலும் மற்றது 25 நாளிலும் சுற்றி வந்தால் 100 நாளுக்கு ஒரு முறை இரண்டும் ஒரே பக்கம் சேரும். எதிரெதிரே நின்றாலும் ஏற்றம் கூடும் என்பதால் 50 நாளுக்கு ஒரு பேரேற்றம். பாத்திகளுக்குக் கடல்நீர் ஏறுவது அன்றுதான் என்று வைத்தால் அவர்களுடைய நாட்காட்டியே அதுதான். இதை எங்கேயும் விளக்க வேண்டாம். ஒருவர் இன்னொருவரிடம் 'அடுத்த ஏற்றத்துக்குள் கடனைத் தருகிறேன்' என்று சொன்னால் போதும்.

பாத்திக்கரை

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை. அதனால் இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கதையில் உப்பு என்று ஒரே பொருளாகச் சொல்கிறீர்கள். உப்பில் எத்தனையோ தரம் உண்டு. கடல்நீரில் ஆயிரம் பங்குக்கு 35 பங்குதான் உப்பு. அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவிட வேண்டும். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக வற்றும்போதுதான் சாப்பாட்டு உப்பு பூக்க ஆரம்பிக்கும், அதற்கு முன்பே ஜிப்சம் அடியில் படிந்துவிடும். கடைசியில் மிஞ்சுவது கசப்பு நீர், மெக்னீசியம் நிறைந்தது. அதை நேரத்துக்கு வடித்துவிட வேண்டும். வடிக்காமல் பேராசையில் இன்னும் வற்றவிட்டு வாரினால் எடை கூடும், ஆனால் அந்த உப்பு கசக்கும், காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக் கசியும். மழை மேலே பட வேண்டும் என்றே இல்லை. சுத்தமான உப்பு என்றால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர்க்கும்.

ஆகவே உங்கள் நாட்டில் ஒருவன் ஏமாற்ற நினைத்தால் கசப்பு உப்பில் சத்தியம் செய்வான். பார்க்க ஒரே வெள்ளை. நாக்கில் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். பெரிய சபையில், பெரிய மனிதர் நீட்டும் கட்டியை நாக்கில் தொட்டுப் பார்க்க ஏழைக்கு முடியுமா? அது மரியாதைக் குறைவு ஆகிவிடாதா?

இன்னொன்று. ஐப்பசி மழை தொடங்கும் முன் எங்கள் ஊரில் உப்பு அம்பாரத்தை எல்லாம் மூட வேண்டும். முன்பு பனையோலை, இப்போது தார்ப்பாய். அந்தச் சில நாட்களில் ஊருக்குள் ஒரு பதற்றம் இருக்கும். வானத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வார்கள். உங்கள் கதை அந்த நாட்களில் தொடங்கினால் நன்றாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

வெண்மணல்

எல்லாருக்கும் நன்றி. பாத்திக்கரை அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வேறு வேலை ஓடவில்லை. மதகையும் எடுத்துக்கொள்கிறேன் வாத்தியாரே. கட்டி வாங்கியவரிடம்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டேன். புதிய தொடக்கம் இதோ. இரவு வாசகி சொன்னபடியே கேட்கிறேன்: எங்கே நிறுத்தினீர்கள், எதை இரண்டு முறை படித்தீர்கள், அடுத்து என்ன நடக்கும்?

"உலர்மனையின் வாசலில் தொடங்கிய வரிசை தெருமுனையையும் தாண்டி நின்றது. மேற்கே மலைமேல் மேகம் கறுத்திருந்தது. கொற்றி மடியில் கட்டியிருந்த மரவையை மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். உள்ளே பாட்டியின் கட்டி, மூன்று சுற்றுத் துணிக்குள்.

'இரட்டை நிலவு சேரும் நாளில்தானே கடல் ஏறிப் பாத்தி நிரம்பும், அதற்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது' என்றாள் முன்னால் நின்றவள்.

கணக்கன் தலைநிமிராமல் கையை நீட்டினான். துணியைப் பிரித்தான். கட்டியைத் திருப்பிப் பார்த்தான். அப்புறம் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தான், விரலால் தடவி நாக்கில் வைத்தான்.

'இதை உன் பாட்டிக்குக் கொடுத்தது யார்?'

'கோதை வீட்டுப் பெரியவர். எங்கள் பாத்தியில் கைவைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார்.'

அவன் துணியை மெதுவாகச் சுற்றித் திருப்பிக் கொடுத்தான். 'இதற்கு இடம் இல்லை' என்றான். அறையின் பாதி மாடங்கள் காலியாகத்தான் இருந்தன."

சாரல்

நிறுத்தவே இல்லை. காலி மாடங்கள் என்ற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் ஊகம்: கணக்கனுக்குக் கோதை வீட்டார்மேல் பயம். அந்தக் கட்டி உள்ளே வந்து கரைந்தால் பழி உலர்மனைமேல் விழும் என்றும் இருக்கலாம்.

இரவு வாசகி

இரண்டு முறை படித்தது ஒரே வரிதான். முன்னால் நின்றவள் நிலவைப் பற்றிச் சொல்வது. வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் கடல் எப்போது ஏறும் என்று தெரியும், அவள் யாருக்குச் சொல்கிறாள்? எனக்காகச் சொல்கிறாள் என்று தெரிந்த உடனே நான் அந்த வரிசையிலிருந்து வெளியே வந்துவிட்டேன். வாத்தியார் சொன்ன மாதிரி 'ஏற்றத்துக்கு இன்னும் ஒன்பது நாள், அதற்குள் மழை வந்துவிடும்' என்று அவள் கவலைப்படட்டும். இரண்டு நிலவு இருப்பதை இன்னொரு நாள் வானத்தில் பார்த்துக்கொள்கிறேன், அவசரமில்லை.

'யாரும் செய்யாத ஒன்றை' என்பதும் வேண்டாம். கணக்கன் நாக்கில் வைத்ததும் வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது செய்யக் கூடாத காரியம் என்று நானே புரிந்துகொள்வேன்.

மரப்பாச்சி

இந்தத் தொடக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். கோதை வீட்டுப் பெரியவர் என்று வந்ததும் 'இவர்கள் முந்நூறு ஆண்டு ஆண்டவர்கள் அல்லவா' என்று முதல் பதிவிலிருந்து எனக்கு நினைவு வந்தது. இப்போது அந்த வரலாறு எனக்கு வேண்டும். தோற்றுப்போன அரச குலம் இன்னும் பாத்திகளை வளைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது என்றால் அதைத் தனி அத்தியாயமாகவே எழுதுங்கள். நான் படிப்பேன்.

புவியியல் வாத்தியார்

மேற்கே மலைமேல் மேகம் சரி. அந்த ஒரு வரியில் திசை, மலை, மழை மூன்றும் வந்துவிட்டன. வரைபடத்தை இரண்டாம் அத்தியாயத்துக்குப் பிறகு பார்த்தால் போதும் என்று இப்போது தோன்றுகிறது.

ஏட்டுச்சுவடி

மரவை நல்ல தேர்வு. உப்பை மரத்தில் வைக்கும் பழக்கத்தை விளக்கம் இல்லாமல் விட்டது இன்னும் நல்லது. ஓர் ஐயம். பாட்டி காலத்துக் கட்டி, கசப்பு உப்பு, இத்தனை மழைக்காலம் எப்படித் தாங்கியது? கணக்கன் தொட்ட உடனே எனக்கு இந்தக் கேள்வி வந்தது. கதை எங்காவது பதில் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் யார் அதை, எங்கே, என்ன பாடுபட்டு வைத்திருந்தார்கள்?

வெண்மணல்

நிலவு வரியையும் 'யாரும் செய்யாத' வரியையும் மாற்றிவிட்டேன். முகம் திருப்பும் ஆளைச் சேர்த்தாயிற்று.

ஏட்டுச்சுவடி ஐயா, பாட்டி இரவும் பகலும் அடுப்பை அணையவிடாமல் அதன்மேல் பரணில் வைத்திருந்தார். இந்த வருடம் பாட்டி இல்லை, அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால்தான் கொற்றி உலர்மனைக்கு வருகிறாள். முதல் அத்தியாயத்தின் முடிவில் அந்த அடுப்பு வரும்.

பாத்திக்கரை அண்ணா, ஒரு சந்தேகம். கசப்புக் கட்டியைச் சுத்தம் செய்ய வழி உண்டா? கரைத்து மறுபடியும் காய்ச்சினால் சுத்தமாகும் என்று தெரியும், ஆனால் கரைத்தால் சத்தியம் போய்விடுமே.

பாத்திக்கரை

கரைக்காமலே முடியும். ஆலைகளில் உப்பைக் கழுவுவது நல்ல தண்ணீரில் அல்ல, உப்பு நீரில். இனிமேல் ஒரு கல் உப்பு கூடக் கரையாது என்ற அளவுக்கு முழுதாக ஊறிய உப்பு நீர். அதில் கழுவும்போது உப்பு கரையாது, மேலே ஒட்டியிருக்கும் கசப்பு மட்டும் போகும். கல்லுக்குள்ளேயே சிக்கியிருப்பது அவ்வளவு எளிதில் வராது, கட்டியை உடைத்துப் பொடியாக்கிக் கழுவினால்தான் வரும்.

வெண்மணல்

கட்டியை உடைத்தால் சத்தியம் நிற்குமா என்று வெண்களரில் யாருக்கும் தெரியாது, இதுவரை யாரும் உடைத்துப் பார்த்ததில்லை. கொற்றி உடைப்பாள். இந்த வாரமே அந்த அத்தியாயத்தை எழுதி இங்கே போடுகிறேன்.